விரல்விட்டு எண்ண முடிந்த ஆட்டம்: இணைய கேசினோவில் எந்த வகையை முதலில் பார்ப்பது?

இணைய கேசினோ ஒன்றின் முகப்பைத் திறந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் ஆட்டங்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். பிரமிடு, கடற்கொள்ளையர், பழக்குவியல், டிராகன் என்று ஒவ்வொன்றுக்கும் பளபளப்பான ஒரு படம். மேலே ஒரு பட்டையில் ‘ஸ்லாட்’, ‘டேபிள்’, ‘லைவ்’, ‘ஜாக்பாட்’, ‘கிராஷ்’, ‘புதியவை’, ‘பிரபலமானவை’ என்று தலைப்புகள். புதிதாக வருகிறவர் தலைப்புகளைப் படிப்பது அபூர்வம். எந்தப் படம் கண்ணைப் பறிக்கிறதோ அதைத் தொட்டுவிடுகிறார்.

படங்களை ஒதுக்கிவிட்டு உள்ளே ஓடும் கணக்கை மட்டும் பார்த்தால், அத்தனை ஆட்டங்களும் ஏழெட்டு வகைகளுக்குள் அடங்கிவிடும். அவற்றில் எதிலிருந்து தொடங்குவது? வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதை நீங்களே விரல்விட்டு எண்ண முடிகிற வகையிலிருந்து என்பது என் பதில். சில ஆட்டங்களில் எல்லாம் மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் எண்ணிவிடலாம். வேறு சிலவற்றில் எண்ணுவதற்கு எதுவுமே கண்ணில் படாது; செய்தவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டியதுதான். தளங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக அடுக்குகின்றன. எண்ண முடியாதவை முதல் வரிசையில் இருக்கும். எண்ண முடிந்தவற்றுக்குக் கீழே வெகுதூரம் இறங்கிப் போக வேண்டும்.

தொடங்குமுன் இரண்டு வார்த்தை. இணையச் சூதாட்டம் பல இடங்களில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அனுமதி உள்ள இடங்களிலும் வயது வரம்பு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் அனுமதிக்கவில்லையென்றால் இதை நிகழ்தகவுப் பாடமாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள். அப்படிப் படித்தாலும் சுவை குறையாது. இன்னொன்று, இதைச் சம்பாதிக்கும் வழியாக நினைத்து வருகிறவருக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான கணக்குதான் இருக்கிறது.

சக்கரத்திலேயே எழுதியிருக்கும் கணக்கு

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வகையில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்ஜியம்; மொத்தம் 37 குழிகள். ஏதாவது ஓர் எண்ணில் 1 அலகு வைத்து, பந்து அதில் விழுந்தால் 35 அலகு தருவார்கள். வைத்த 1 அலகும் திரும்பி வரும். ஆகக் கையில் 36. இப்போது 37 எண்களிலும் ஒவ்வோர் அலகு வைப்பதாக நினைத்துப் பாருங்கள். பந்து எங்கே விழுந்தாலும் வெற்றி உங்களுடையது. ஆனால் போட்டது 37, வந்தது 36. குறைந்த அந்த 1 அலகு நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது. 37-இல் 1 என்றால் 2.70 சதவீதம்.

இதை நான் பிடித்தம் என்று சொல்வேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுபோல, வைக்கிற ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாக இவ்வளவு போய்விடுகிறது. ஒருவர் வெல்லலாம், ஒருவர் தோற்கலாம்; சுற்றுகள் பெருகப் பெருக, மொத்தக் கணக்கு இந்த எண்ணை நோக்கி வந்துவிடும். இதில் மோசடி எதுவும் இல்லை. சக்கரம் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. வெற்றிக்குக் கொடுக்கும் தொகை, உண்மையான வாய்ப்புக்குக் கொடுக்க வேண்டிய தொகையைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மொத்தத் தொழிலும் அந்தச் சிறு குறைவின்மேல்தான் நிற்கிறது.

அமெரிக்க வகைச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்ஜியம் என்று இன்னொரு குழி சேர்ந்து 38 ஆகும். கொடுப்பது மட்டும் அதே 35. எண்ணிப் பாருங்கள்: 38 போட்டால் 36 வருகிறது, பிடித்தம் 5.26 சதவீதம். மூன்று பூஜ்ஜியம் உள்ள சக்கரங்களும் உண்டு, அங்கே 7.69 சதவீதம். எதிர்த்திசையில், பிரெஞ்சு விதிப்படி ஆடும் மேசை சிலவற்றில் சிவப்பு, கறுப்பு போன்ற சம வாய்ப்புப் பந்தயம் வைத்திருக்கும்போது பூஜ்ஜியம் விழுந்தால் பாதியைத் திருப்பித் தருவார்கள். அந்தப் பந்தயங்களில் பிடித்தம் 1.35 ஆகக் குறையும். இவை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ், ஒரே மாதிரிப் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு 1.35-க்கும் 7.69-க்கும் வேறுபாடு தெரியவே தெரியாது. பூஜ்ஜியங்களை எண்ணுகிறவருக்குச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

ரூலெட்டை முதலில் பார்க்கச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. ஐரோப்பியச் சக்கரத்தில் ஒற்றை எண்ணில் வைத்தாலும், பன்னிரண்டு எண்கள் கொண்ட பகுதியில் வைத்தாலும், சிவப்பில் வைத்தாலும் பிடித்தம் அதே 2.70 தான். மாறுவது ஏற்ற இறக்கம். சிவப்பில் வைப்பவர் 37 வாய்ப்பில் 18-ஐப் பெறுகிறார். அடிக்கடி வெல்வார், அடிக்கடி தோற்பார், கையிருப்பு மெல்ல அசையும். ஒற்றை எண்காரர் நெடுநேரம் தோற்றுக்கொண்டே இருந்து திடீரென்று ஒருமுறை பெரிதாக வாங்குவார். பிடித்தமும் ஏற்ற இறக்கமும் வேறு வேறு சங்கதிகள் என்பது இங்கே பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லா வகைகளையும் படிப்பது எளிதாகிவிடும்.

சக்கரத்தின் பக்கத்தில் ஒரு பலகை, கடைசியாக வந்த எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். ‘சூடான எண்கள்’, ‘குளிர்ந்த எண்கள்’ என்றுகூடப் பிரித்துக் காட்டுவார்கள். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. ‘இனிமேல் சிவப்பு வந்தே தீரும்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. 25 கறுப்புக்குப் பிறகும் சிவப்பின் வாய்ப்பு 37-இல் 18 தான். அந்தப் பலகை அங்கே ஏன் தொங்குகிறது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

யாரும் எழுதி வைக்காத விலை

பிடித்தம் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு மணி நேரத்தில் அது எத்தனை முறை பிடிக்கப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். என் கணக்கில், வகைகளை ஒப்பிடும்போது மிக முக்கியமானதும் இதுதான்.

ஒவ்வொரு சுற்றிலும் 10 அலகு வைக்கிறீர்கள் என்று கொள்வோம். உண்மையான மனிதர் சக்கரத்தைச் சுற்றும் லைவ் ரூலெட்டில், சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 60 சுற்று. 600 அலகு மேசைக்குப் போகிறது, அதில் 2.70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 16 அலகு எதிர்பார்க்கத்தக்க இழப்பு. அதே ரூலெட்டை, பொத்தானைத் தட்டியதும் முடிவைச் சொல்லும் கணினி வடிவத்தில் 10 நொடிக்கு ஒரு சுற்று ஆடினால் மணிக்கு 360 சுற்று. இழப்பு 97 அலகு. பொத்தானைத் தட்டினால் சின்னங்கள் சுழன்று நிற்கும் ஆட்டம்தான் ஸ்லாட்; பிடித்தம் 4 சதவீதமுள்ள ஒன்றை 6 நொடிக்கு ஒருமுறை சுழற்றினால் 600 சுற்று, 6,000 அலகு பந்தயம், 240 அலகு இழப்பு.

2.70-ஐயும் 4-ஐயும் மட்டும் வைத்துப் பார்த்தால் ரூலெட்டும் ஸ்லாட்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். மணிக் கணக்கில் பதினைந்து மடங்கு வித்தியாசம். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021-இல் இணைய ஸ்லாட்டுகளில் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 நொடியாவது ஆக வேண்டும் என்று விதித்தது. ஆடுபவர் கைவைக்காமலே தானாகச் சுழலும் வசதியையும் தடுத்தது. வேகத்துக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் வேகம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளலாம். அந்த வரம்புக்குள்ளேயே மணிக்கு 1,440 சுழற்சிகளுக்கு இடம் இருக்கிறது என்பது வேறு கதை.

ஆகவே ஒரு வகையின் தலைப்பைத் தொடும்போது மனத்துக்குள் மூன்று கேள்விகள் ஓடினால் போதும். பிடித்தம் எவ்வளவு? மணிக்கு எத்தனை சுற்று? ஏற்ற இறக்கம் எப்படி? இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டையில் உள்ள தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டேபிள்: சீட்டும் பகடையும்

‘டேபிள்’ என்ற தலைப்புக்குள் ரூலெட்டோடு பக்காரா, பிளாக்ஜாக், கிராப்ஸ், போக்கரின் கிளைகள் எல்லாம் இருக்கும்.

பக்காரா பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும். ஆட்டமோ நாணயம் சுண்டுவதற்குப் பக்கத்து வீடு. ‘பிளேயர்’, ‘பேங்கர்’ என்ற இரண்டு பக்கங்களுக்குச் சீட்டு போடுவார்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 9-க்கு அருகில் இருப்பது வெல்லும். மூன்றாவது சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பதற்கும் நிலையான விதி உண்டு. நீங்கள் முடிவெடுக்க எதுவும் இல்லை. பேங்கரில் பிடித்தம் 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. பேங்கர் சற்று அதிகம் வெல்வதால் அந்த வெற்றியில் 5 சதவீதம் தரகு கழித்துக்கொள்வார்கள்; தரகு போன பிறகும் அதுதான் மலிவு. மூன்றாவதாக ‘டை’ என்று ஒரு கட்டம் உண்டு. இரு பக்கமும் சமமானால் 8 மடங்கு. சமன் ஏறக்குறைய 9.5 சதவீதச் சுற்றுகளில்தான் வருகிறது. 8 மடங்கோடு வைத்ததையும் சேர்த்து 9 அலகு கிடைத்தாலும் கணக்கு 100-க்கு 86-ஐத்தான் எட்டும். பிடித்தம் 14.36. ஒரே மேசை, கைப்பிடி அகலத்துக்குள் 1.06-உம் 14.36-உம். மேசை ஆட்டங்களில் பெரிய தொகை தருவதாகச் சொல்லும் கட்டத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவதே நல்லது. பக்கப் பந்தயங்கள் என்று பிளாக்ஜாக்கிலும் மற்றவற்றிலும் ஒட்டவைத்திருப்பவையும் இதே சாதிதான்.

பிளாக்ஜாக்கில் நிலைமை மாறுகிறது. இங்கே உங்கள் முடிவுக்கு மதிப்பு உண்டு. 21-ஐத் தாண்டாமல், நிர்வாகத்தின் சார்பில் சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டும். இன்னொரு சீட்டு வாங்குவதா, நிற்பதா, பந்தயத்தை இரட்டிப்பதா என்று ஒவ்வொரு கையிலும் கேள்வி வரும். ஒவ்வொரு நிலைக்கும் சரியான விடை எது என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துக் கணக்கிட்டு 1956-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதன் திருத்திய வடிவம் இன்று ஒரு சிறு அட்டவணையாகக் கிடைக்கிறது. அதை அப்படியே பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் பிடித்தம் அரை சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். மனம் போன போக்கில் ஆடினால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். கணினிக்கு எதிராக ஆடும் வடிவத்தில் அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆட யாரும் தடை சொல்வதில்லை. எனக்குப் பிடித்த வகை இதுதான். தோற்றாலும் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்தோம் என்ற நிறைவு எஞ்சுகிறது.

ஆனால் மேசையின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் வந்தால் அதற்குப் பெயர் பிளாக்ஜாக். பழைய வழக்கப்படி அதற்கு 2-க்கு 3 கொடுப்பார்கள் (மேசையில் 3:2). அதாவது 10 வைத்தவருக்கு 15. இப்போது பல மேசைகளில் 5-க்கு 6 (6:5), அதாவது 10-க்கு 12. ஏறக்குறைய 21 கைக்கு ஒருமுறை பிளாக்ஜாக் வருவதால், இந்த 3 அலகுக் குறைவு பிடித்தத்தில் கிட்டத்தட்ட 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. அரை சதவீத ஆட்டம் இரண்டு சதவீத ஆட்டமாகிவிட்டது. மேசை, சீட்டு, படம் எதுவும் மாறவில்லை.

கிராப்ஸ் இரண்டு பகடைகளை உருட்டும் ஆட்டம். அதன் விரிப்பில் இருக்கும் கட்டங்களைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். ‘பாஸ் லைன்’ என்ற அடிப்படைப் பந்தயத்தில் பிடித்தம் 1.41 சதவீதம், அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நடுவில் இருக்கும் ‘எனி செவன்’ போன்றவற்றில் 16.67. பக்காராவில் பார்த்த பாடம்தான் இங்கும்.

போக்கர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆட்கள் ஒருவருக்கொருவர் எதிராக ஆடும் போக்கர் தனி அறையில் நடக்கும். அங்கே தளம் நடுவில் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்வதோடு சரி. கேசினோத் தலைப்புக்குள் இருக்கும் ‘கரீபியன் ஸ்டட்’, ‘த்ரீ கார்ட்’ போன்றவை நிர்வாகத்துக்கு எதிராக ஆடுபவை. முகத்தைப் படிப்பது, மிரட்டி விலகச்செய்வது எதுவும் இங்கே செல்லாது. கரீபியன் ஸ்டட்டில் முதல் பந்தயத்தின்மேல் பிடித்தம் 5.2 சதவீதம் அளவில் வரும். போக்கர் தெரியும் என்ற துணிச்சலில் இங்கே வந்து உட்காருகிறவர் வேறு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்.

வீடியோ போக்கர் பெரும்பாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் கிடக்கும். தேடிப் பார்க்கத் தகுந்தது. ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை மாற்றலாம், கடைசிக் கையின் தரத்துக்கு ஏற்பத் தொகை. ஒரே ஒரு சீட்டுக்கட்டு என்பதால் எல்லாவற்றையும் கணக்கிட முடியும். தொகைப் பட்டியலும் திரையிலேயே இருக்கும். ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ என்ற வடிவத்தில் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள்: ஃபுல் ஹவுஸ் என்ற கைக்கு 9 மடங்கு, ஃப்ளஷ் என்ற கைக்கு 6 மடங்கு என்றிருந்தால், பிழையில்லாமல் ஆடுகிறவருக்கு 99.54 சதவீதம் திரும்புகிறது. 8-உம் 5-உம் என்றிருந்தால் 97.30. இரண்டு இலக்கங்களில் மொத்த ஆட்டத்தின் விலையும் வெளிப்பட்டுவிடுகிறது. இத்தனை வெளிப்படையான ஒன்று ஏன் மூலையில் கிடக்கிறது என்று சில சமயம் யோசிப்பேன்; வெளிப்படையாக இருப்பதால்தான் என்று தோன்றுகிறது.

லைவ்

கேமராவுக்கு முன்னால் உண்மையான டீலர், உண்மையான சீட்டு, உண்மையான சக்கரம். 2006-இல் ஸ்வீடனில் தொடங்கிய எவல்யூஷன் இந்தத் துறையில் பெரிய நிறுவனம். ஆட்டத்தின் கணக்கு டேபிள் வகையில் சொன்னதேதான், மாறுவது வேகம். மற்றவர்கள் பந்தயம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் மெதுவாக நகரும், அது உங்களுக்கு லாபம். பணமில்லாமல் ஆடிப் பார்க்கும் டெமோ பெரும்பாலும் கிடைக்காது, குறைந்தபட்சப் பந்தயமும் கூடுதலாக இருக்கும். பல தளங்களில் பந்தயம் வைக்காமலே வேடிக்கை பார்க்கலாம். ஒரு மணி நேரம் தாளில் எழுதிக்கொண்டே வேடிக்கை பார்த்தால் மேலே சொன்ன கணக்குகள் கண்முன் நடப்பதைப் பார்க்கலாம். இதே தலைப்புக்குள் பெரிய வண்ணச் சக்கரமும் ஆரவாரமான தொகுப்பாளருமாக நடக்கும் காட்சி ஆட்டங்கள் வேறு ரகம். மேசையின் அமைதியும் மலிவும் அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

ஸ்லாட்: எண்ண முடியாத இடம்

தளத்தின் பெரும்பகுதி இதுதான். முதல் வரிசையும் இதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட விதி எதுவும் இல்லை. ஒரு பொத்தான், அவ்வளவே. அதனால் புதியவருக்கு ஏற்றது என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விதி எளிது என்பது உண்மை. விலை என்ன என்று கண்டுபிடிப்பது எல்லா வகைகளிலும் இங்கேதான் கடினம்.

ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்து இடங்கள். பத்து, பத்து, பத்து. மொத்தம் 1,000 சேர்க்கைகள். பொறுமை இருந்தால் ரூலெட்டைப் போலவே எண்ணிவிடலாம். 1984-இல் டெல்னஸ் (Inge Telnaes) என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். ஓர் எண்ணைக் கணினி குருட்டாம்போக்கில் எடுக்கும். அந்த எண் உருளையில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று உள்ளே ஒரு பட்டியல் சொல்லும். பெரிய பரிசுக்கான சின்னத்துக்குப் பட்டியலில் ஓர் எண், வெற்றிடத்துக்கு ஐந்தாறு எண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு உருளையில் எல்லாச் சின்னமும் சம இடம் பிடித்திருக்கும். உள்ளே அவற்றின் எடை வேறு. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் இருந்த உறவு அன்று அறுந்தது. இன்றைய இணைய ஸ்லாட்டில் சுழலும் உருளை வெறும் அசைபடம். பொத்தானைத் தொட்ட கணத்திலேயே முடிவு தயார். ‘இதோ, ஒரு சின்னம் தள்ளி நின்றுவிட்டது, அடுத்தமுறை வந்துவிடும்’ என்பதற்கு அந்தப் படத்துக்கு வெளியே பொருள் எதுவும் இல்லை.

எண்ண முடியாத இடத்தில் நம்பிக்கைக்கு ஒரே பிடி, ஆட்டத்தின் உதவிப் பக்கத்தில் ஆர்.டி.பி. என்று போட்டிருக்கும் எண். ஆடுபவருக்குத் திரும்பும் விகிதம் என்று பொருள். 96 என்றால் பிடித்தம் 4. இணைய ஸ்லாட்டுகள் பலவற்றில் 94-க்கும் 97-க்கும் இடையே இருக்கும். இதைத் தவறாகப் புரிந்துகொள்வது மிக எளிது. 100 அலகோடு போனால் 96-ஓடு திரும்பலாம் என்று அர்த்தம் இல்லை. பிடித்தம் விழுவது கொண்டுபோன தொகையின்மேல் அல்ல, வைக்கும் பந்தயங்களின் கூட்டுத்தொகையின்மேல். சிறு வெற்றிகள் வர வர அதையே மறுபடி வைத்து, அந்த 100 அலகு பத்துமுறை சுழன்றுவிட்டால் பந்தயம் 1,000, இழப்பு 40. தவிர, அந்த எண் கோடிக்கணக்கான சுழற்சிகளின் சராசரி. உங்கள் மாலைப்பொழுதைப் பற்றி அது எதுவும் உறுதி சொல்வதில்லை.

ஏற்ற இறக்கமும் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் பெரிதும் மாறும். சில ஆட்டங்களில் ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று எழுதியிருப்பார்கள். குறைவு என்றால் சில்லறையாக அடிக்கடி வரும். அதிகம் என்றால் நீண்ட வறட்சி, எப்போதாவது மழை. ஆர்.டி.பி. இரண்டிலும் 96 ஆகவே இருக்கலாம்.

இன்னொரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். சின்னங்கள் பொருந்தினால் தொகை தரும் வரிகள் ஸ்லாட்டில் பல இருக்கும்; 20 வரிகளில் தலா 1 அலகு வைத்துச் சுழற்றுகிறீர்கள். ஒரு வரியில் 8 அலகு கிடைக்கிறது. மணி அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது, ‘வெற்றி 8’ என்று திரை கொண்டாடுகிறது. போட்டது 20, உண்மையில் 12 நஷ்டம். இப்படி நஷ்டத்துக்கு வெற்றி வேடம் போடும் கொண்டாட்டத்தைத்தான் பிரிட்டன் அந்த 2021 விதிகளில் தடைசெய்தது. மற்ற இடங்களில் மணி இன்னும் அடிக்கலாம். ஒலியை நிறுத்திவிட்டு இருப்புத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஜாக்பாட், கிராஷ், கீனோ

ஜாக்பாட் என்ற தலைப்பில் இருப்பவையும் ஸ்லாட்டுகள்தாம். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சிறு பகுதி பொதுக் குவியலுக்குப் போகிறது. யாரோ ஒருவருக்கு அது மொத்தமாக விழும். உங்கள் பங்கில் அந்தக் குவியல் வந்து சேராதவரை நீங்கள் ஆடுவது சாதாரண ஸ்லாட்டைவிடக் குறைவாகத் திரும்பும் ஓர் இயந்திரம். தொடக்கத்துக்கு ஏற்ற இடமே அல்ல.

கிராஷ் புதிய வரவு. 2019-இல் வந்த ஏவியேட்டர் பரவலாகத் தெரிந்த பெயர். ஒரு விமானமோ கோடோ 1.00 மடங்கிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும்; அது அறுபடுவதற்கு முன் நீங்கள் வெளியே வந்துவிட வேண்டும். எப்போது வெளியேறுவது என்ற முடிவு உங்கள் கையில் இருப்பதால் திறமை ஆட்டம் போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். திரும்பும் விகிதம் 97 உள்ள ஒன்றில், 2 மடங்கை எட்டும் வாய்ப்பு 48.5 சதவீதம், 10 மடங்கை எட்டும் வாய்ப்பு 9.7. முதலாவதை 2-ஆல் பெருக்கினாலும், இரண்டாவதை 10-ஆல் பெருக்கினாலும் 97 தான் வருகிறது. எந்த இடத்தில் குதித்தாலும் பிடித்தம் 3. உங்கள் முடிவு ஏற்ற இறக்கத்தை மட்டும் மாற்றுகிறது. ரூலெட்டில் சிவப்புக்கும் ஒற்றை எண்ணுக்கும் இருந்த அதே வேறுபாடு, விமானப் படத்தோடு. சில நொடிகளில் சுற்று முடிந்துவிடுவதுதான் இதில் அஞ்ச வேண்டியது.

கீனோவில் 80 எண்களில் 20-ஐக் குலுக்கி எடுப்பார்கள். ஓர் எண்ணைத் தேர்ந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. அதற்கு, வைத்ததையும் சேர்த்து 3 மடங்கு தருவதாக ஒரு பட்டியல் சொன்னால், 4 போட்டு 3 வாங்குகிறீர்கள். பிடித்தம் 25 சதவீதம். பத்து எண்களைத் தேர்ந்து பத்தும் சரியாக வருவது ஏறக்குறைய 89 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. எண்ண முடிகிற ஆட்டம்தான். எண்ணியபின் ஆடத் தோன்றாது.

டெமோவும் போனஸும்

மேலே சொன்னவற்றில் பலவற்றைப் பணம் இல்லாமலே பார்க்கலாம். கணினி வடிவ ஆட்டங்கள் பலவற்றில் டெமோ உண்டு. என் ஆலோசனை ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட்டில் ஒரு நாள், அட்டவணையோடு பிளாக்ஜாக்கில் இரண்டு நாள், அதன்பின் எந்த ஸ்லாட் வேண்டுமானாலும். விதிகளையும் வேகத்தையும் படிக்க டெமோ நல்ல ஆசான். நிகழ்தகவை அளக்க அது உதவாது. 200 சுழற்சியில் வென்றது ஆர்.டி.பி.-யைப் பற்றி எதையும் காட்டாது. மனத்தை அளக்கவும் உதவாது; விளையாட்டுக் காசு ஆயிரம் போனால் வலிக்காது. டெமோவில் அமைதியாக ஆடினேன், ஆகவே பணத்திலும் அப்படியே ஆடுவேன் என்பதை நம்ப வேண்டாம். சொந்தப் பணம் வைப்பதாக இருந்தால், நல்ல தளங்களில் கணக்கு அமைப்புகளில் இருக்கும் வைப்பு வரம்பையும் நேர வரம்பையும் முதல் பந்தயத்துக்கு முன் நிர்ணயித்துவிடுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது யாரும் வரம்பு வைப்பதில்லை.

போனஸ் எந்த வகையில் தொடங்குவது என்பதை உங்களுக்குப் பதிலாகத் தீர்மானித்துவிடக்கூடியது. 100 அலகு போனஸ், 35 மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம் என்று நிபந்தனை இருந்தால் 3,500 அலகு பந்தயம் வைக்க வேண்டும். 4 சதவீத ஸ்லாட்டில் அதற்கான எதிர்பார்க்கத்தக்க இழப்பு 140, பரிசைவிடப் பெரிது. மலிவான பிளாக்ஜாக்கில் ஆடித் தீர்க்கலாமே என்றால், மேசை ஆட்டத்தில் வைக்கும் பந்தயத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கணக்கில் சேரும், அல்லது சேரவே சேராது என்று நிபந்தனைகளின் அடியில் எழுதியிருப்பார்கள். போனஸை வாங்கிய நொடியில் நீங்கள் ஸ்லாட் வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டீர்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் பந்தயப் பொத்தானுக்கு முன் உதவிப் பொத்தானைத் தொடுங்கள். கேள்விக்குறியாகவோ மூன்று கோடுகளாகவோ ஒரு மூலையில் இருக்கும். ஒரே ஸ்லாட்டை அதன் தயாரிப்பாளர் 96, 94, 92 என்று பல பதிப்புகளாகத் தளங்களுக்குத் தருவது உண்டு; எதை வாங்கி வைப்பது என்பது தளத்தின் விருப்பம். வேறெங்கோ படித்த எண் இங்கே செல்லாது, உங்கள் திரையில் உள்ள உதவிப் பக்கத்தில் இருப்பதே செல்லும். பூஜ்ஜியங்களையும் எண்ண முடியாமல், உதவிப் பக்கத்திலும் அந்த எண்ணைக் காட்டாமல் ஓர் ஆட்டம் நின்றால், படம் எத்தனை அழகாக இருந்தாலும் அதை டெமோவில்கூட நான் சுழற்றிப் பார்ப்பதில்லை.